ஈட்டி எறிஞ்சவனுக்கு ரெண்டே சீசன்!

மேல்பட்டாம்பாக்கம் பஸ் ஸ்டாப்புல நிக்கிற காலேஜ் பசங்ககிட்ட 'பேஸ்பால் தெரியுமா?'னு கேட்டுப் பாருங்க. 'கில்லிக்கு அமெரிக்கா சித்தப்பாதானே பாஸ்?'னு கலாய்ப்பாங்க. அந்த சித்தப்பா வீட்டுக்கு நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் போய், சம்பளம் வாங்கி ஆடிட்டு வந்திருக்கான். பேரு தினேஷ் படேல். வாரணாசிப் பக்கம் ஒரு கிராமம்.

2008-ல் அமெரிக்க ஏஜென்ட் ஒருத்தர் இங்கே வந்து, 'பந்தை வேகமா, குறி தப்பாம எறியுங்க'னு டி.வி. போட்டி வெச்சார். 37 ஆயிரம் பேருக்கு மேல கலந்துக்கிட்டாங்க. முதலிடம் ரிங்கு சிங், பரிசு ஒரு லட்சம் டாலர். தினேஷ் ரெண்டாவது. ரெண்டு பேரும் ஈட்டி எறியுற பசங்க. பேஸ்பாலைத் தொட்டதே இல்லை!

ஆனா ஈட்டிக்கு ஓடி வந்து, முழு பலத்தோட ஒரே வீச்சு. பேஸ்பால்ல பிட்ச்சர் நின்ன இடத்துலேர்ந்தே எறியணும். பந்து தரையில குத்தக் கூடாது. பேட்ஸ்மேனோட நெஞ்சுக்கும் முட்டிக்கும் நடுவுல, ஒரு சின்ன ஜன்னல் அளவு இடத்துல போகணும். அதுவும் திரும்பத் திரும்ப. அமெரிக்கப் பசங்க அஞ்சு வயசுல ஆரம்பிக்கிறதை இவங்க சில மாசத்துல கத்துக்கிட்டாங்க. இங்கிலீஷையும் சேர்த்து!

2008 நவம்பர்ல பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் டீம் ஒப்பந்தம் போட்டுச்சு. 2014-ல் டிஸ்னி எடுத்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' படம் கிட்டத்தட்ட இந்த இடத்துல கைதட்டலோட முடிஞ்சிடும். மியூசிக் நம்ம ரஹ்மான்.

நிஜ கேம் அதுக்கப்புறம்தான். பெரிய லீக்குக்குப் போற ஏணியில அடிப்படி, ஃபுளோரிடாவுல நடக்குற ஒரு குட்டி லீக். 2009 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். அன்னிக்குத்தான் ரெண்டு பேரும் முதல் மேட்ச்ல இறங்கினாங்க. அமெரிக்க புரொஃபஷனல் பேஸ்பால்ல ஆடின முதல் இந்தியக் குடிமக்கள்! ரிங்கு மெல்ல மேலே ஏறினார். அப்புறம் முழங்கை ஆபரேஷன், கடைசியில டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தம். 'வீர் மஹான்'னு பார்த்திருப்பீங்களே, அவரேதான்.

தினேஷுக்கு அடுத்த படி கிடைக்கவே இல்லை. ரெண்டாவது சீசன் முடிஞ்சு, 2010 டிசம்பர்ல டீம் அவரை விடுவிச்சிடுச்சு. அப்போ வயசு 21. நம்ம ஃபைனல் இயர் பசங்க கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஷூ கடன் வாங்குற வயசு. தினேஷ் அதுக்குள்ள 'முன்னாள் வீரர்' ஆகி ஊருக்குத் திரும்பிட்டார்.

ரஹ்மான் சார், செகண்ட் பார்ட் எடுத்தா அந்த டிசம்பருக்கு ஒரு பாட்டு ப்ளீஸ்!