கை கூடிவிட்டது, கோப்பை மூடிவிட்டார்கள்

"வயசாயிடுச்சு, விழுந்தா உடையத்தானே செய்யும்." கையில் மாவுக்கட்டோடு வீடு திரும்பிய அம்மாவைப் பார்க்க ஆர்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு போகிற நாம் எல்லோரும் சொல்கிற வார்த்தை இது. ஆறுதலுக்குத்தான் சொல்கிறோம். ஆனாலும் இது தப்பான வார்த்தை என்பது என் கட்சி. நின்ற இடத்தில் வழுக்கி விழுந்தால் தோல் சிராய்க்கும், வீங்கும், நாலு நாள் வலிக்கும். எலும்பு உடையக் கூடாது. உடைந்தால், அந்த எலும்பு விழுவதற்கு முன்பே உள்ளுக்குள் உளுத்துப்போயிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய பெண் என்றால் அந்தச் சந்தேகம் இன்னும் பலமாக இருக்க வேண்டும்.

எலும்புப்புரை என்று தமிழில் சொல்கிறார்கள். நல்ல சொல், புரையோடிய மரம் போல என்று கேட்டவுடன் புரிந்துவிடும். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அது ஒஸ்தேயோபொரோஸ். அந்தப் பெயரை வைத்தவரே ஒரு பிரெஞ்சு தேசத்து மருத்துவர்தான். ஸ்திராஸ்பூர் நகரத்தில் இறந்தவர்களின் உடலை அறுத்து நோயை ஆராய்ந்த லோப்ஸ்டைன், சில எலும்புகளில் துளைகள் பெரிதாக இருப்பதைக் கண்டு இந்தப் பெயரைச் சூட்டினார். அவர் இறந்தது 1835இல். அதற்கு நூறு ஆண்டுகளுக்குப் பிறகுதான், 1940 வாக்கில், பாஸ்டன் நகரத்து ஃபுல்லர் ஆல்பிரைட் என்பவர் இந்த நோய்க்கும் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பதற்கும் உள்ள தொடர்பை எடுத்துச் சொன்னார்.

கீழே விழும்போது கையை ஊன்றி மணிக்கட்டுக்கு மேலே உடைகிறதே, அந்த முறிவை இங்கே 'கோலிஸ் முறிவு' என்று எழுதுகிறார்கள். டப்ளின் நகரத்து கோலிஸ் அதைப் பற்றி எழுதியது 1814இல். லியோன் நகரத்து பூத்தோ அதற்கு முன்பே எழுதிவிட்டார். அவர் காலமான பிறகு 1783இல் அது அச்சாகி வந்தது. பிரான்சில் இருவர் பெயரையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். இங்கிலீஷ்காரர்கள் பூத்தோவை விட்டுவிட்டார்கள். நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் வீம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் அக்காவுக்கு 66 வயதில் இந்த முறிவுதான் வந்தது. பின்கட்டில் துணி அலசும்போது வழுக்கியது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று ஒரு படம் எடுத்துப் பார்த்து, எலும்பு கூடிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். "எலும்பு டெஸ்ட் ஏதாவது எழுதிக் கொடுத்தாங்களாக்கா?" என்று கேட்டேன். "கைதான் சேர்ந்துடுச்சேப்பா, இன்னும் என்னத்துக்கு டெஸ்ட்டு?" என்றார். சீட்டைப் புரட்டிப் பார்த்தேன். வலி மாத்திரையைத் தவிர வேறொன்றும் இல்லை. மூன்று நான்கு ஆண்டுகளில் முதுகு வலி வந்தது. வாயு என்றார்கள், தைலம் தேய்த்தார்கள். கூன் விழ ஆரம்பித்தது. 74 வயதில் இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து இப்போது வாக்கரோடு நடக்கிறார். பிழைத்ததே பெரிது. இடுப்பு எலும்பு முறிந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுவதாகப் பல நாட்டுக் கணக்குகள் சொல்கின்றன.

பாரிசுக்குப் பக்கத்தில் என் சின்னம்மா மகள் இருக்கிறாள், சொல்தா குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கும் அதே மணிக்கட்டு, அதே மாதிரி முறிவு. கட்டுப் பிரித்த கையோடு எலும்பின் அடர்த்தியைப் பார்க்க அனுப்பினார்கள். அங்கே இப்படி உடைந்தவர்களுக்கு அந்தச் சோதனைச் செலவை 2006 முதல் செக்யூரித்தே சோசியால் ஏற்கிறது. எலும்பு மோசம் என்று தெரிந்தது, மருந்து ஆரம்பித்தார்கள். இன்றும் கைத்தடி இல்லாமல் நடக்கிறாள்.

இந்த இரண்டு பெண்களுக்கும் வித்தியாசம் உடம்பில் இருந்ததா, இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கோப்பில் இருந்தது என்று மட்டும் சொல்ல முடியும். முப்பத்திரண்டு வருடம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். வந்த கடிதத்துக்குப் பதில் போட்டாகிவிட்டது, இனி நடவடிக்கை தேவையில்லை என்று எழுதிக் கட்டிவைக்கும் சுகம் எனக்குத் தெரியும். கட்டுப் போட்டவர் கையைப் பார்க்கிறார். கை கூடியதும் கோப்பு மூடியாகிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் பார்க்கிற டாக்டருக்கு அந்தக் கோப்பே போவதில்லை. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் 1990களின் கடைசியில் இதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள். ஐம்பது வயது தாண்டி எலும்பு உடைந்து வருகிறவர்களைத் தேடிப் பிடித்து, எலும்புச் சோதனைக்கு அழைத்து, மருந்துவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதைச் செவிலியர்களின் பொறுப்பாகவே ஆக்கினார்கள். இப்போது பல நாடுகளில் அது நடக்கிறது. நம் ஊரில் எல்லா ஆஸ்பத்திரியிலும் அது வரும்வரை அந்த வேலையை வீட்டில் ஒருவர்தான் செய்ய வேண்டும். கட்டுப் பிரிக்கும் அன்று கேளுங்கள்: "இந்த எலும்பு ஏன் உடைந்தது, டாக்டர்?"

டெக்ஸா என்கிற அந்தச் சோதனை வலிக்காது. சட்டையைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை பெரும்பாலும். ஒரு மேசையில் படுத்தால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். அறிக்கையில் 'டி ஸ்கோர்' என்று ஓர் எண் இருக்கும். கழித்தல் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. கழித்தல் 1க்கும் 2.5க்கும் இடையில் என்றால் எலும்பு தேய ஆரம்பித்திருக்கிறது என்று பொருள்.

முதுகெலும்பு முறிவு இன்னும் பொல்லாதது, ஏனென்றால் விழாமலே உடையும். குடத்தைத் தூக்கினாலும், குனிந்தாலும் போதும். பாதிக்கு மேற்பட்டவை யாருக்கும் தெரியாமலே போய்விடுகின்றன. கண்டுபிடிக்க உயரத்தை அளந்து பாருங்கள். நம்மில் பிரெஞ்சு குடியுரிமை உள்ளவர்கள் வீட்டில் பழைய கார்த் திதாந்தித்தே இருந்தால் அதில் உயரம் எழுதியிருக்கும். சுவரோரம் நின்று ஒப்பிட்டால் நான்கு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறதா? டாக்டரிடம் போக அது ஒன்றே போதும். அந்த அட்டை இல்லாதவர்கள், முன்பு எட்டிய அலமாரித் தட்டு இப்போது எட்டுகிறதா என்று பாருங்கள்.

எலும்பு உயிருள்ள பொருள். பழையதை அரிக்கும் அணுக்களும் புதியதைக் கட்டும் அணுக்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. முப்பது வயதுவரை வரவு அதிகம். பிறகு மெல்ல மெல்லச் செலவு. மாதவிலக்கு நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும், அரிக்கும் கூட்டத்துக்குக் கடிவாளம் இல்லாமல் போய்விடுகிறது. முதல் ஐந்தாறு ஆண்டுகளில் இழப்பு மிக வேகம். நம் நாட்டுப் பெண்களுக்கு மேல்நாட்டாரைவிடச் சில ஆண்டுகள் முன்பே, சராசரியாக 46, 47 வயதிலேயே, மாதவிலக்கு நிற்கிறது. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டவர்களுக்கு இன்னும் முன்பே. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கும் ஆபத்து அதிகம், ஆண்களையும் சேர்த்து.

சாப்பாட்டுக்கு வருவோம். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் கணக்குச் சொன்னது. ஒரு டம்ளர் பாலில் சுமார் 240. ஒரு வேளைக் கேழ்வரகுக் கூழில் 150 போல. முருங்கைக்கீரைப் பொரியல், தயிர், எள்ளு, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பேரனுக்குப் பால், மகனுக்குக் காபி, அம்மாவுக்குப் பாத்திரம் கழுவிய தண்ணீரில் கலந்தது போல ஒரு டீ. இதை நாற்பது வருடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உடைந்த பிறகு ஆர்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போகிறோம்.

வைட்டமின் டி விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. கடற்கரைச் சாலையில் விடியற்காலை நடக்கிறோமே, சூரியன் முகத்துக்கு நேரே எழும்புகிறதே, போதாதா என்பார்கள். போதாது. நடை எலும்புக்கு நல்லது, விடாதீர்கள். ஆனால் அந்த இளவெயிலில் டி அநேகமாகக் கிடைக்காது. உச்சிவெயிலை ஒட்டிய நேரத்தில்தான் கிடைக்கும். அதற்காக எழுபது வயதில் நண்பகலில் மொட்டை மாடியில் நின்று மயங்கி விழ வேண்டாம். ரத்தத்தில் அளவு பார்த்து மருந்து வாங்கிக்கொள்ளலாம். 60,000 யூனிட் மாத்திரையை வாரம் ஒன்றாக, டாக்டரைக் கேட்காமல் வருடக்கணக்கில் விழுங்குவதும் கெடுதல்தான்.

கால்சியம் மாத்திரை மட்டும் இந்த நோய்க்கு வைத்தியம் ஆகாது. இது பலருக்குத் தெரிவதில்லை. அலெண்ட்ரோனேட் என்று வாரம் ஒரு மாத்திரை இருக்கிறது. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். ஸோலெட்ரோனிக் அமிலம் வருடத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றுவது. டெனோசுமாப் ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி. இதை மட்டும் நாமாக நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் முதுகெலும்புகள் வரிசையாக நொறுங்கக்கூடும். நிறுத்துவதானால் டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றித்தான் நிறுத்துவார். இந்த மருந்துகளால் தாடை எலும்பு கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். அபூர்வமாக வருவது அது. பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தால் முன்னதாகவே பிடுங்கிவிட்டு ஆரம்பித்தால் ஆபத்து இன்னும் குறைவு. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றும் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

மிச்சம் விழாமல் இருப்பது. கண்புரை இருந்தால் எடுத்துவிடுங்கள். தூக்க மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் தலைசுற்ற வைக்கிறதா என்று கேளுங்கள். ராத்திரி பாத்ரூம் போகிற வழியில் ஒரு சின்ன விளக்கு, தரையில் சுருளாத மிதியடி, உட்கார்ந்து எழக் கைப்பிடி. ஹாலில் சுவர் அகலத்துக்கு டிவி மாட்ட அன்றே ஆளை அழைத்து வருகிற பிள்ளைகள், அந்தக் கைப்பிடியை அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அதே ஆள்தான், அதே டிரில்லிங் மிஷின்தான். டிவி மாட்ட வருகிற அன்றே இரண்டு துளை சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.