கௌரவ டாக்டர் பட்டம்: பறிப்பது எளிது, மறுப்பதே கடினம்

தேர்வு கிடையாது, ஆய்வேடு கிடையாது, வகுப்புக்கும் போக வேண்டியதில்லை. ஒருவருடைய பொதுவாழ்வையே தகுதியாகக் கொண்டு பல்கலைக்கழகம் அளிப்பதுதான் கௌரவ டாக்டர் பட்டம். ஆகவே அது வாங்குபவரின் தகுதியை மட்டுமல்ல, கொடுப்பவரின் நேர்மையையும் காட்டிவிடுகிறது.

1984ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகம், ஆப்பிரிக்கக் கல்விக்குத் தொண்டாற்றியவர் என்று ஜிம்பாப்வே பிரதமர் ராபர்ட் முகாபேவுக்குப் பட்டம் வழங்கியது. அதற்கு முந்தைய ஆண்டே அவருடைய இராணுவத்தின் ஐந்தாவது படைப்பிரிவு மட்டபெலேலாந்தில் பொதுமக்களைக் கொன்று குவிக்கத் தொடங்கியிருந்தது. அந்தப் படுகொலைகளில் 20,000 பேர் வரை இறந்திருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது.

எடின்பரோ அந்தப் பட்டத்தைத் திரும்பப் பெற்றது 2007ல். காரணம், அதே மட்டபெலேலாந்து படுகொலைகள். இடையில் 23 ஆண்டுகள் ஓடிவிட்டன. 1986ல் பட்டம் கொடுத்த அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகமும், 1990ல் கொடுத்த மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் 2008ல்தான் அதைப் பறித்தன. இந்த இடைவெளியில் மாறியது என்ன? கொல்லப்பட்டவர்கள் அதே மக்கள்தாம். மாறியது, முகாபேவுக்கும் மேற்குலகுக்கும் இடையிலான உறவு.

மியான்மரின் ஆங் சான் சூகி விஷயத்திலும் இதையே பார்த்தோம். 2017ல் தொடங்கிய இராணுவ வெறியாட்டத்தில் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யா முஸ்லிம்கள் பங்களாதேஷுக்கு விரட்டப்பட்டனர். 2018ல் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகம் சூகிக்குத் தந்த பட்டத்தைத் திரும்பப் பெற்றது. பாராட்ட வேண்டிய முடிவுதான். ஆனால் அதனால் அகதி முகாமில் இருந்த எவருக்கும் ஊர் திரும்பும் வழி பிறக்கவில்லை.

இதற்கு நேர்மாறான முன்னுதாரணமும் உண்டு. 1985ல் பிரிட்டிஷ் பிரதமராக அதிகாரத்தில் இருந்த மார்கரெட் தாட்சருக்குக் கௌரவப் பட்டம் தரும் முன்மொழிவு ஆக்ஸ்ஃபோர்டு பேரவையின் வாக்கெடுப்புக்கு வந்தது. அவர் அங்கேயே படித்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துப் பிரதமரான அனைவரும் அந்தப் பட்டத்தைப் பெற்றிருந்தனர். ஆனால் கல்விக்கான நிதியை அவருடைய அரசு வெட்டியதைக் கண்டித்து, 738 பேர் எதிர்த்தும் 319 பேர் ஆதரித்தும் வாக்களித்தனர். பட்டம் மறுக்கப்பட்டது.

அந்த முடிவு சரியா தவறா என்று விவாதிக்கலாம். ஆனால் நிதி தரும் அரசின் தலைவருக்கே, அவர் நாற்காலியில் இருக்கும்போதே, வெளிப்படையாக வாக்கெடுத்து இல்லையென்று சொன்னார்கள். செல்வாக்கு இழந்தவரிடமிருந்து பட்டத்தைப் பறிக்க இந்தத் துணிவு தேவையில்லை.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கௌரவப் பட்டம் வழங்குவதே இல்லை. அந்த அளவுக்குப் போக வேண்டாம். பதவியில் இருக்கும் ஆட்சியாளருக்குப் பட்டமில்லை என்று ஒரு விதி வைத்தாலே போதும். பின்னாளில் பல்கலைக்கழகங்கள் வெட்கப்பட வேண்டிய பல விழாக்கள் நடக்காமலே போயிருக்கும்.