சாக்கோடு சேர்த்து எடை போடாதீங்க!



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் யாராவது கல்லூரிக் கடைசி வருடம் படித்தால் கட்டாயம் படியுங்கள்.

போன மாதக் கடைசியில் என்னிடம் படித்த பையன் ஒருவன் சென்னையிலிருந்து பேசினான். நம்ம எப்போதும்வென்றான் பக்கத்துப் பையன்தான். மானாவாரிக் கரிசலை நம்பிய குடும்பம், வீட்டில் முதல் பட்டதாரி. "சார், மாசம் முப்பதாயிரம்னு சொன்னாங்க. இருபத்திரெண்டாயிரத்துச் சொச்சம்தான் ஏறியிருக்கு. ஏமாத்திட்டாங்களா சார்?" என்றான். குரல் உடைந்திருந்தது. முப்பதாயிரத்தை நம்பி, தங்கச்சி கல்லூரிக் கட்டணத்துக்கு அவன் அப்பா ஏற்கெனவே வட்டிக்கு வாங்கிவிட்டார்.

கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். ஆண்டுக்கு 3,60,000 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. கீழே பொடி எழுத்தில் மாதக் கணக்கு:

அடிப்படைச் சம்பளம் 12,000
வீட்டு வாடகைப் படி 6,000
சிறப்புப் படி 6,500
கம்பெனி கட்டும் பி.எஃப் 1,440
கிராஜுவிட்டி 577
குழுக் காப்பீடு 483
வேலைத் திறனைப் பார்த்து ஆண்டுக் கடைசியில் தரும் தொகை, மாதக் கணக்கில் 3,000

கூட்டினால் சரியாக 30,000. ஆனால் மாதாமாதம் சம்பளமாக வருவது முதல் மூன்றும்தான், 24,500. அதில் இவன் பங்கு பி.எஃப் 1,440, தொழில் வரி 208 போனால் மிச்சம் 22,852. கூட்டலில் தப்பே இல்லை. தப்பு எல்லாம் "சம்பளம்" என்ற சொல்லில்தான்.

இதற்கு சி.டி.சி என்று பெயர். கம்பெனிக்கு உன்னால் ஆகும் செலவு. அது உன் சம்பளம் அல்ல. நம்ம ஊர்க்காரர் வத்தல் மூட்டையைக் கமிஷன் கடைக்குக் கொண்டு போனால் சாக்கு எடையைக் கழித்துத்தான் துட்டு. விவசாயிக்கு ஒரு சாக்கைக்கூட விட்டுக்கொடுக்காத உலகம், அவன் பிள்ளைக்குச் சம்பளம் சொல்லும்போது மட்டும் சாக்கையும் சேர்த்து எடை போடுகிறது!

கிராஜுவிட்டியைப் பாருங்கள். சட்டப்படி நிரந்தர ஊழியருக்கு அது ஐந்து வருட சேவை முடித்தால்தான். மூன்றாம் வருடம் வேறு வேலைக்குப் போனால் ஒரு பைசா கிடையாது. ஆனால் வருடத்துக்கு ஏறத்தாழ 7,000 ரூபாய் "உன் சம்பளம்" என்று எழுதியாகிவிட்டது.

அடுத்தது "வரிச் சலுகை" என்ற பேச்சு. "ஏன் அடிப்படைச் சம்பளம் இவ்வளவு குறைவு?" என்று அவன் கேட்டதற்கு, "படிகளாகப் பிரித்தால் உனக்கு வரி மிச்சம்" என்றார்களாம். எந்த வரி? 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 75,000 நிலைக்கழிவு போக 12 லட்சம் வரை வரி கிடையாது. சம்பளக்காரருக்கு 12,75,000 வரை பூஜ்யம். அந்த முறைதான் தானாக அமலாகும். அதில் வாடகைப் படிக்கு விலக்கும் இல்லை, 80-சி கழிவும் இல்லை. 3,60,000-க்காரனுக்குப் பழைய முறையிலும் வரி வராது. இல்லாத வரியை மிச்சம் பிடிக்க எதற்கு இந்தப் பிரிவினை?

அதில் குறைவது பி.எஃப். எல்லா ஊழியருக்கும் பொதுவாகக் கொடுக்கும் சிறப்புப் படியையும் சேர்த்துத்தான் பி.எஃப் கணக்கிட வேண்டும் என்று 2019 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படிப் பார்த்தால் இவனுக்கு 18,500. கட்டாய வரம்பான 15,000-க்குப் பிடித்தாலே மாதம் 1,800. இப்போது பிடிப்பது 1,440. இரண்டு பங்கும் சேர்த்து மாதம் 720 ரூபாய் இவன் பிற்காலத்திலிருந்து குறைகிறது. "கையில் 720 கூட வருதே, நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். அது கம்பெனி கூட்டிக் கொடுத்த பணமில்லை தம்பி, உன் முதுமையிலிருந்து எடுத்து உனக்கே கொடுத்தது. இந்தக் கடிதத்தில் கிராஜுவிட்டியும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான். அது குறைந்தால் இதுவும் குறையும்.

2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் இதைத்தான் சொல்கிறது. விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டியது ஊதியமாகவே கணக்கிடப்படும்.

இந்த லட்சணத்தில், சம்பளம் ஏறிய மறுவாரமே ஒரு சொந்தக்காரர் "வரி மிச்சம் ஆகும்" என்று மாதம் 2,000 ரூபாய் பாலிசியில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். வரியே இல்லாதவனுக்கு வரி சேமிப்பு! சம்பாதிக்கிற பிள்ளைக்கு ஆயுள் காப்பீடு தேவைதான். அதைக் காப்பீடு என்று சொல்லி விற்கட்டும்.

கல்லூரிகளையும் கேட்கிறேன். வாசலில் பிள்ளைகள் படத்தோடு லட்சக் கணக்கில் ஃபிளெக்ஸ் வைக்கிறீர்களே, கைக்கு எவ்வளவு வரும் என்று ஒரு வரி போட்டால் என்ன? அந்த ஃபிளெக்ஸைப் பார்த்துத்தான் ஒரு தகப்பன் கடன் வாங்குகிறான்.

என்னையும் கேட்டுக்கொள்கிறேன். கூட்டு வட்டி, லாப நட்டம் எல்லாம் பல வருடம் கரும்பலகையில் போட்டேன். ஒரு சம்பளப் பட்டியலைப் போட்டுக் காட்டியதில்லை. எனக்குக் கருவூலத்திலிருந்து வந்தது, கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பிள்ளைகளுக்கும் அப்படியே என்று இருந்துவிட்டேன்.

கையெழுத்துப் போடும் முன் இந்த ஐந்தைக் கேளுங்கள்:

1. மாதம் பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு?
2. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பி.எஃப் எந்தத் தொகைக்குப் பிடிப்பீர்கள்?
3. கம்பெனி பங்கு பி.எஃப், கிராஜுவிட்டி, காப்பீடு மொத்தத்துக்குள்ளா, வெளியிலா?
4. திறன் பார்த்துத் தரும் தொகை எவ்வளவு, எப்போது, நிச்சயமா?
5. இடையில் நின்றால் திருப்பிக் கட்டச் சொல்வீர்களா?

12,75,000-க்கு மேல் வாங்கும் பிள்ளைகள் இரண்டு வரி முறையையும் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். கம்பெனி உங்கள் பெயரில் கட்டும் என்.பி.எஸ் தொகைக்கு, அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை, புதிய முறையிலும் கழிவு உண்டு. பொய் வாடகை ரசீது மட்டும் வேண்டாம்.

கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்படாதீர்கள். கேள்வி கேட்டதற்காக வேலையை எடுக்கிற இடத்தில் சம்பளமும் ஒழுங்காக வராது.

அந்தப் பையன் வேலையை விடவில்லை, விடவும் சொல்லவில்லை. 22,852-க்கு ஒரு வரவு செலவுக் கணக்கு போட்டுக் கொடுத்தேன். வட்டிக் கடன் முதலில் அடைய வேண்டும். அவன் அப்பாவிடமும் நானே பேசினேன். "அப்ப மிச்சம் எங்க சார் போகுது?" என்று அவர் கேட்டார். சாக்கு எடை என்றேன். உடனே புரிந்துகொண்டார்.

கடிதம் கையில் வைத்திருக்கும் பிள்ளைகள் எனக்கு அனுப்புங்கள். கம்பெனி பெயரை மறைத்தே அனுப்புங்கள். சேர்ந்து கணக்குப் போடுவோம். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை?