சென்னைக்கு மழைக்காலம் உண்டு

வெளிமாநிலத்திலிருந்து சென்னைக்குப் படிக்க வரும் மாணவர்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டிக் கட்டுரை ஒன்றைப் படித்தேன். இந்த ஊரில் கோடையைத் தவிர வேறு பருவமே இல்லையாம். குடை வீண் செலவாம். எப்போதாவது வரும் வெள்ளம் புயல் செய்யும் விபத்தாம். ஆகவே தரைத்தளத்தில் அறை எடுத்து வாடகையை மிச்சப்படுத்தச் சொல்கிறார் கட்டுரையாளர். முதல் மூன்றும் பொய். நான்காவது ஆபத்து.

புதிதாக வரும் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமில்லை. டெல்லியிலோ லக்னோவிலோ வளர்ந்தவர்களுக்கு மழை என்றால் ஜூலைதான். ஆகஸ்டில் இங்கே வந்து இறங்கி, சட்டை முதுகோடு ஒட்ட நடந்துவிட்டு, 'இங்கே மழையே பெய்யாது போலிருக்கிறது' என்று அவர்கள் நினைப்பது இயல்பு. அந்த நினைப்பைத் திருத்த வேண்டிய பெரியவரே அதற்கு முத்திரை குத்திக் கொடுப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

தென்மேற்குக் காற்று ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டிவிட்டுத்தான் இந்தப் பக்கம் வருகிறது. அப்போதும் சென்னை வறண்டு கிடப்பதில்லை. மாலையிலும் இரவிலும் இடி மழை உண்டு. அக்டோபர் மூன்றாவது வாரவாக்கில் காற்று திசை மாறி, வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்து வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கும். சென்னைக்கு ஆண்டில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் ஏறத்தாழ 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. டெல்லிக்கு ஆண்டு முழுவதும் 800கூட இல்லை. மழை ஊர் என்று பெயரெடுத்த லண்டனுக்குச் சுமார் 600தான். ஐப்பசி அடைமழை இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவருக்குத் தெரியாமல் போனதெப்படி?

புயல் விபத்து என்கிறார். 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியதே, அன்று சென்னையைத் தாக்கிய புயல் எது? எதுவுமில்லை. அதற்கு முந்தைய நவம்பரிலேயே ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்து ஏரிகள் நிரம்பியிருந்தன. 2021 நவம்பர் 6 இரவு நகரம் மூழ்கியதற்கும் புயல் காரணமில்லை. 2023 டிசம்பரில் வந்தது மிக்ஜாம் புயல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வங்கக் கடலில் புயல் கிளம்பும் காலமும் இந்த மாதங்கள்தானே? ஆண்டுதோறும் எதிர்பார்க்க வேண்டியதை விபத்து என்று சொல்லிவிட்டால், யாரும் எதற்கும் தயாராக வேண்டியதில்லை என்றாகிவிடும்.

இனி அந்தத் தரைத்தள அறைக்கு வருகிறேன். வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ பள்ளிக்கரணைப் பக்கமோ ஜூலையில் புரோக்கர் அறை காட்டுவார். புதுச் சுண்ணாம்பு அடித்திருக்கும். போன மழையில் தண்ணீர் நின்ற கறை அதற்குள் மறைந்திருக்கும். மேலே மேலே போட்ட ரோடு வாசற்படியைவிட உயர்ந்திருப்பது புதியவர் கண்ணில் படாது. நவம்பரில் வெள்ளம் வாசல் வழியாகத்தான் வரும் என்று அந்தப் பிள்ளை காத்திருப்பான். முதலில் குளியலறைச் சாக்கடைத் துளையிலிருந்து கறுப்புத் தண்ணீர் குமிழியிட்டு மேலே வரும். கொஞ்ச நேரத்தில் பாய் மிதக்கும். கட்டிலுக்கடியில் இருக்கும் பெட்டியில் மதிப்பெண் சான்றிதழ்கள் ஊறிக்கொண்டிருக்கும். கரண்ட் இருக்காது, போனில் சார்ஜ் இறங்கிக்கொண்டிருக்கும், மொழி தெரியாத தெருவில் யாரைக் கூப்பிடுவதென்றும் தெரியாது. மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ மிச்சம் பிடிக்கச் சொன்ன கட்டுரையாளர் அந்த நேரத்தில் எங்கே இருப்பார்?

உருப்படியாகச் சொல்ல எத்தனையோ இருந்தன. மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, மோட்டாரை மேடை கட்டி ஏற்றியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லியிருக்கலாம். 2015இலும் 2023இலும் தண்ணீர் எதுவரை வந்ததென்று தெருமுனை இஸ்திரிக்காரரைக் கேட்கச் சொல்லியிருக்கலாம்; புரோக்கர் சொல்லாததை அவர் சொல்லுவார். கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அங்கேயே வாழ்பவர்கள் இவ்வளவு உஷாராக இருக்கும்போது, நேற்று வந்த பிள்ளையிடம் கவலைப்படாதே என்று சொல்ல இவருக்கு என்ன உரிமை?

2019 கோடைத் தண்ணீர்ப் பஞ்சத்தையும் தன் கட்சிக்குச் சாட்சியாக இழுக்கிறார். அது அவருக்கு எதிரான சாட்சி. 2018இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அதனால்தான் அடுத்த ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் காய்ந்தன. ஜனங்கள் குடத்தோடு லாரிக்குக் காத்துக் கிடந்தார்கள். இவர் இல்லையென்று சொல்லும் அந்தப் பருவத்தை நம்பித்தான் இந்த நகரம் குடிக்கிறது.

மழை விடுமுறை மாணவர்களைச் சோம்பேறியாக்குகிறது என்பது இன்னொரு குற்றச்சாட்டு. சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நிரம்பி, பஸ் பாதியில் நின்று, மூடியில்லாத பள்ளம் எங்கே இருக்கிறதென்றே தெரியாத தெருவில் பிள்ளைகள் நடக்கக் கூடாது என்றுதான் கலெக்டர் விடுமுறை விடுகிறார். அன்று வகுப்புக்குப் போவதை யாரும் வீரமாகச் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

அடுத்த சேர்க்கைக்கு முன் அந்தக் கட்டுரை மறுபடி அச்சாகுமென்றால், தரைத்தள யோசனையை முதலில் எடுத்துவிடுங்கள். அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று மூன்று மாதங்களின் பெயரையும் அந்த இடத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள்.