திருமணியில் முடக்கம், பிரிட்டனில் கையெழுத்து

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தில் காருக்கும் விஸ்கிக்கும் எவ்வளவு வரி குறையும் என்பதே பேச்சாக இருந்தது. அறிவுசார் சொத்துரிமை அத்தியாயத்தின் 13.6ஆவது பிரிவு அந்தப் பேச்சில் அமுங்கிப்போனது. மக்களுக்கு மருந்து கிடைக்க, காப்புரிமை வைத்திருப்பவர் தானாக முன்வந்து உரிமம் தருவதே உகந்த வழி என்று அதில் இந்தியா ஒப்புக்கொண்டிருக்கிறது. 2020 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவோடு சேர்ந்து, கொரோனா காலத்துக்கு மருந்துக் காப்புரிமைகளை நிறுத்திவைக்கும்படி உலக வர்த்தக அமைப்பில் கேட்டதும் இதே இந்தியாதான்.

கல்வராயன் மலையில் நின்று பார்த்தால் இந்த மாற்றத்தின் பொருள் விளங்கும். வெள்ளிமலையைச் சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடிச் சிற்றூர்களுக்குத் தடுப்பூசி செவிலியரின் தோளில் போகிறது. நீலப் பெட்டிக்குள் நான்கு ஐஸ் பொதிகள். 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர் நிற்க வேண்டும். குப்பியில் ஒட்டிய வட்டத்துக்குள் இருக்கும் வெள்ளைச் சதுரம் வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் மருந்தைக் கொட்டிவிட வேண்டியதுதான். மலையேற்றும் வேலையில் குறையில்லை. குறை, மருந்து வரும் இடத்தில்: குப்பியில் அச்சிட்டிருக்கும் ஊர் பெரும்பாலும் புனே அல்லது ஐதராபாத்.

அந்த மலையை அடுத்த கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னைக்குப் போகிற சாலையில் இருக்கிறது செங்கல்பட்டு. அதன் அருகே திருமணியில் 100 ஏக்கரில் நிற்கிறது ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம். 2012இல் மத்திய அமைச்சரவை 594 கோடி ரூபாயில் ஒப்புதல் தந்த திட்டம் இது. ஆண்டுக்கு 58.5 கோடி டோஸ் என்பது இலக்கு. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி. ஆளுக்கு எட்டு டோஸ்! 2021 மே மாதம் கொரோனா தடுப்பூசிக்காக மக்கள் வரிசையில் நின்றபோது இங்கே வணிக உற்பத்தி தொடங்கியிருக்கவே இல்லை. முதலமைச்சர் ஸ்டாலின் நேரில் பார்த்துவிட்டு, வளாகத்தைக் குத்தகைக்குத் தாருங்கள் என்று பிரதமருக்கு எழுதினார். தரவில்லை.

அதே மாதம், காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதமின்றிப் பிறருக்குக் கட்டாய உரிமம் தரும் காப்புரிமைச் சட்ட அதிகாரத்தைக் கையிலெடுப்பது எதிர்விளைவையே தரும் என்று உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு சொன்னது. உலக வர்த்தக அமைப்பு இருக்கும் ஜெனீவாவில் ஒரு பேச்சு, டெல்லியில் ஒரு பேச்சு.

கொரோனா தடுப்பூசியான கோவேக்சினை எடுத்துக்கொள்ளுங்கள். வைரஸைப் பிரித்தெடுத்துக் கொடுத்தது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் புனே ஆய்வகம். பரிசோதனைக்கும் பொதுப்பணம் செலவானது. ஆனால் அதைத் தயாரித்த பாரத் பயோடெக்கின் காப்புரிமை விண்ணப்பத்தில் ஐசிஎம்ஆரின் பெயரே இல்லை. விவகாரம் வெடித்த பிறகு, 2024 ஜூனில்தான் சேர்த்தார்கள். தொழில்நுட்பத்தைப் பொதுத்துறை நிறுவனங்களுக்குக் கைமாற்ற 2021இல் போட்ட பட்டியலிலும் திருமணி இல்லை.

கட்டாய உரிமத்துக்கான சட்டப் பிரிவுகள் அப்படியே இருக்கின்றன என்கிறது வர்த்தக அமைச்சகம். இருந்து என்ன பயன்? 2012இல் நாட்கோ நிறுவனத்துக்குப் புற்றுநோய் மருந்துக்காகக் கொடுத்தது ஒன்றுதான், மாதம் 2.8 லட்சம் ரூபாய் விலை 8,880 ஆக இறங்கியது. அதன்பின் ஒன்றுகூட இல்லை. காப்புரிமை இல்லாவிட்டால் ஆராய்ச்சி நின்றுவிடும் என்பவர்கள் கோவேக்சின் கதையைப் படித்துவிட்டு வரட்டும்.

உரிமம் கையில் இருந்தும் ஆலை இல்லையென்றால் பேரம் பேச முடியாது. 2008 ஜனவரியில் கிண்டி பிசிஜி ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கசௌலி நிறுவனம் ஆகிய மூன்று அரசுத் தடுப்பூசி ஆலைகளின் உற்பத்தி உரிமங்களையும் நிறுத்திய நாளிலேயே அந்தப் பலம் போய்விட்டது. 2010இல் உரிமம் திரும்பியது, பலம் திரும்பவில்லை. பிரிட்டனிடம் இந்தியா பணிந்ததற்குக் காரணமும் இதுவே.

திருமணி வளாகத்தைத் தமிழ்நாட்டிடம் ஒப்படைக்க வேண்டும். பொதுப்பணத்தில் பிறக்கும் ஒவ்வொரு தடுப்பூசியின் உற்பத்தி உரிமமும் அரசு ஆலைக்குக் கட்டாயம் என்று சட்டம் வர வேண்டும். இவ்விரண்டையும் செய்யாதவரை, எந்த நாட்டோடும் மருந்துக் காப்புரிமை பற்றிப் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார மத்திய அரசுக்குத் தகுதி கிடையாது.