கேரவன் சொந்தம், தரை வாடகை: பிரிட்டனின் ‘உள்ளூர் டூர்’ கணக்கு எங்கே இடிக்கிறது?

2023 கோடையில் பிரிட்டனில் லீவு போட்டவர்களைக் கேட்டால், ஆளுக்கொரு வானிலை சொல்வார்கள். ஜூனில் போனவர்களுக்கு அந்நாட்டில் அதுவரை பதிவானதிலேயே வெப்பமான ஜூன். ஜூலையில் போனவர்கள் குடையோடு திரும்பினார்கள். ஆகஸ்டில் ஆண்டனி, பெட்டி என்று பெயர் வைத்த இரண்டு புயல்கள். கடைசியில், பிள்ளைகள் யூனிஃபார்ம் போட்டுப் பள்ளிக்குக் கிளம்பிய செப்டம்பர் முதல் வாரத்தில் தொடர்ந்து 7 நாள் 30 டிகிரிக்கு மேல் வெயில்!

இங்கிலாந்தில் பெரிய லீவு ஜூலை கடைசியில் தொடங்கி செப்டம்பர் தொடக்கத்தில் முடியும். அதாவது நல்ல வெயில் அடித்த நாட்களெல்லாம் லீவுக்கு முன்னும் பின்னும்தான் வந்தன. ‘பரவாயில்லை, ஒரு வாரம் ஸ்கூலுக்கு மட்டம் போடலாம்’ என்றும் விட முடியாது. அனுமதி இல்லாமல் பிள்ளையைக் கூட்டிப் போனால் பெற்றோருக்கு அபராதம். இப்போதைய விதிப்படி 21 நாளுக்குள் கட்டினால் ஒரு பிள்ளைக்கு, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 80 பவுண்டு, தாண்டினால் 160.

சரி, வெளிநாடு போனவர்களாவது நிம்மதியாக இருந்தார்களா? அதே ஜூலையில் கிரீஸின் ரோட்ஸ் தீவில் காட்டுத்தீ பரவி, பிரிட்டிஷ் பயணிகள் உட்பட ஆயிரக்கணக்கானோர் ஹோட்டலைக் காலி செய்து ஓடினார்கள். ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டனின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு கம்ப்யூட்டரில் கோளாறு. லீவு முடிந்து திரும்ப வேண்டியவர்கள் ஏர்போர்ட் தரையில் படுத்தார்கள்.

வீட்டில் இருந்தால் மழை, வெளியே போனால் தீ. இந்த இரண்டுக்கும் நடுவே பிரிட்டிஷ் நடுத்தர வர்க்கம் பிடித்து வைத்திருக்கும் பதில்தான் கேரவன்.

எந்த கேரவன்?

கேரவன் என்றதும் நமக்கு ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் வேன்தான் ஞாபகம் வரும். 2021-ல் கேரளா கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்த பிறகு, வாகமண் பக்கம் போய் வந்த சிலருக்கு வேறு படமும் மனதில் இருக்கலாம். பிரிட்டனில் இந்தச் சொல் இரண்டு வெவ்வேறு பொருட்களைக் குறிக்கிறது. ஒன்று, காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகும் டூரிங் கேரவன். இன்னொன்று ஸ்டாட்டிக் கேரவன்: பெட்ரூம், கிச்சன், பாத்ரூம் எல்லாம் உள்ள தகர வீடு. கடலோர பார்க்கில் கொண்டுவந்து நிறுத்தினால் அவ்ளோதான், அப்புறம் நகராது. ‘நகர்த்தக் கூடியதாக இருக்க வேண்டும்’ என்று 1960-ம் ஆண்டுச் சட்டம் சொல்வதால் அடியில் சக்கரம் இருக்கும். ஆனால் நகர்த்தணும்னா லாரி வேணும்.

இந்தப் பழக்கம் புதிதல்ல. 1885-ல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற எழுத்தாளர், ஓய்வுப் பயணத்துக்கென்றே ‘வாண்டரர்’ என்ற குதிரை வண்டி வீட்டைச் செய்துகொண்டார். 1907-ல் கேரவன் கிளப் உருவானது. 1938-ல் சம்பளத்தோடு விடுமுறை தர வழிசெய்யும் சட்டம் வந்ததும், தொழிலாளர் குடும்பங்களும் கடற்கரைக்குக் கிளம்பின. செய்தித்தாள் கூப்பனை வெட்டிச் சேர்த்து, தலைக்கு 9.50 பவுண்டுக்குக் கேரவன் லீவு போவது அங்கே ஒரு தலைமுறையின் பால்ய நினைவு. வெளியுறவு அமைச்சராக இருந்த மார்கரெட் பெக்கெட்டும் கேரவன் லீவுக்குப் பேர்போனவர். அந்தப் பதவியில் இருந்துகொண்டு கேரவனில் டூர் போகிறாரே என்று பத்திரிகைகள் கிண்டலடித்தன.

கிண்டல் நின்ற காலம்

2019 செப்டம்பரில் தாமஸ் குக் நிறுவனம் திவாலானது. வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட சுமார் ஒன்றரை லட்சம் பேரை அரசே கூட்டி வர வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு கொரோனா. 2020 ஜூலை 25 சனிக்கிழமை சாயங்காலம் ஓர் அறிவிப்பு: நள்ளிரவு முதல் ஸ்பெயினிலிருந்து வருகிறவர்கள் 14 நாள் தனிமையில் இருக்க வேண்டும். பீச்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு பெட்டி கட்டக்கூட நேரம் இல்லை. 2021 கோடையில் பச்சைப் பட்டியலில் இருந்த போர்ச்சுகல், சில வாரங்களிலேயே வெளியே போனது. பெரிய சுற்றுலா நாடுகளில் பச்சையில் இருந்தது அது ஒன்றுதான்.

அப்போது கேரவன் கொடுத்த வசதி, அழகோ சொகுசோ அல்ல. ஏதாவது நடந்தால் மூன்று மணி நேரத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்ற தெம்பு. தனி பாத்ரூம், தனி அடுப்பு, பாஸ்போர்ட் வேண்டாம்.

பிரிட்டனில் வேலை பார்க்கும் நம்ம ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர், லண்டனில் பல வருடம் இருந்தாலும் பாரிஸ் போக ஷெங்கன் விசா எடுக்க வேண்டும். அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதற்குள் லீவே முடிந்துவிடும். வேல்ஸ் கடற்கரைக்கு அந்தத் தொல்லை இல்லை. குக்கரையும் இட்லி மாவையும் டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். (டூரிங் கேரவனில் மட்டும் ஓர் எச்சரிக்கை: பல இடங்களில் கரன்ட் இணைப்பு 10 அல்லது 16 ஆம்ப்தான். ஹீட்டரும் ரைஸ் குக்கரும் கெட்டிலும் ஒன்றாகப் போட்டால் பட்டென்று ட்ரிப் ஆகும்.)

மழை பெய்தால் காசு திரும்புமா?

திரும்பாது. விமானம் ரத்தானால் டிக்கெட் பணம் கேட்கலாம். பேக்கேஜ் டூர் கம்பெனி மூழ்கினால் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் தனியாக புக் செய்த கேரவன் பேக்கேஜ் டூர் ஆகாது. ஒரு வாரம் முழுக்கத் தூறினால் அது யாருடைய தவறும் அல்ல. வானிலை என்ற ரிஸ்க் மொத்தமும் குடும்பத்தின் தலையில். பல டிராவல் இன்ஷூரன்ஸ் பாலிசிகள் உள்நாட்டுப் பயணத்துக்கும் பொருந்தும் என்றாலும், உடம்பு சரியில்லாமல் போவது போன்ற காரணங்களுக்குத்தான் உதவும். ‘வெயில் வரவில்லை’ என்று எழுதிக் கொடுக்க முடியாது.

இந்த ரிஸ்க் பெரிதாகிக்கொண்டும் போகிறது. 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி, பிரிட்டன் அதுவரை 40-ஐத் தொட்டதே இல்லை. கேரவன்கள் வரிசை வரிசையாக நிற்கும் ஸ்கெக்னஸ் கடற்கரையும் அதே லிங்கன்ஷயர்தான். குளிருக்காகக் கட்டிய மெல்லிய சுவர் தகரப் பெட்டிக்குள் அந்த வெயிலில் பகல் பொழுதை ஓட்டுவதை நினைத்துப் பாருங்கள். 2025 கோடை, 1884-லிருந்து பதிவானதிலேயே வெப்பமானது. அதே கோடையில்தான் ஆகஸ்ட் 4 அன்று ஃப்ளோரிஸ் புயல் ஸ்காட்லாந்தில் ரயில்களை நிறுத்தியது. சராசரி வெப்பம் ஏறுகிறது என்பதால் உங்கள் ஒரு வாரம் நன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை.

ஆனாலும் வாடகைக்கு எடுப்பவரின் கணக்கு தப்பில்லை. கேரவன் மழையைத் தடுக்காது. மழை வந்தால் போகும் பணத்தைக் குறைக்கும். நால்வர் குடும்பம் விமானம், ஹோட்டல் என்று செலவழித்து வீணாவதும், ஒரு வாரக் கேரவன் வாடகை வீணாவதும் ஒன்றல்ல. இதில் பார்க்குகளும் விவரமாகத்தான் இருக்கின்றன. அதே கேரவன், அதே கட்டில். பள்ளி நடக்கும் மே மாதத்துக்கு ஒரு விலை, ஆகஸ்டுக்கு அதைப்போல் சில மடங்கு.

வாங்கினால்தான் சிக்கல்

வருஷா வருஷம் வாடகை கொடுப்பதற்கு சொந்தமாகவே ஒன்று வாங்கிப் போட்டால் என்ன? ஒரு வாரம் நன்றாகப் போனவர்களுக்குக் கிளம்பும் நாளில் வரும் எண்ணம் இது. பார்க்கின் விற்பனை ஆட்களும் அன்றைக்குத்தான் காபி கொடுத்து உட்கார வைப்பார்கள்.

நம்ம ஊரில் மனை வாங்கினால் வீடு பழசானாலும் நிலம் விலை ஏறும். இங்கே நேர் எதிர். பல பத்தாயிரம் பவுண்டு கொடுத்து வாங்குவது பெட்டியை மட்டும். நிலம் பார்க் உரிமையாளருடையது. அதில் பெட்டியை நிறுத்தி வைக்க, குறிப்பிட்ட வருடங்களுக்கு ஒரு லைசென்ஸ் கிடைக்கும். ஒவ்வொரு ஆண்டும் சில ஆயிரம் பவுண்டு இடவாடகை, அது போக கேஸ், கரன்ட், இன்ஷூரன்ஸ். பெட்டியின் விலையோ காரைப் போல வாங்கிய நாளிலிருந்தே இறங்கும்.

லைசென்ஸ் காலம் முடிந்தால் கேரவனை எடுத்துக்கொண்டு போகணும், அல்லது அதே பார்க்கில் புதிது வாங்கணும். நடுவில் விற்கலாம் என்றால் பெட்டியை நிறுத்தும் உரிமையோடு விற்க பார்க்கின் சம்மதம் வேண்டும். விலையில் 10, 15 சதவீதம் கமிஷன் கேட்பது வழக்கம். பார்க்குக்கே திருப்பிக் கொடுத்தால் அவர்கள் சொல்வதுதான் விலை. வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்றால், வெளியே வாங்கிய பழைய கேரவனைப் பல பார்க்குகள் உள்ளேயே விடாது.

இதில் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. நிரந்தரமாகக் குடியிருக்கும் பார்க் ஹோம்களுக்கு 1983-ம் ஆண்டு மொபைல் ஹோம்ஸ் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. இடவாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. இங்கிலாந்தில் 2023 முதல் அது நுகர்வோர் விலைக் குறியீட்டோடு கட்டப்பட்டிருக்கிறது. பக்கத்திலேயே அதே போலத் தெரியும் ஹாலிடே கேரவனுக்கு இந்தச் சட்டம் கிடையாது. அங்கே ஒப்பந்தத் தாளில் என்ன இருக்கிறதோ அதுதான். அதை முகவரியாக வைத்து நிரந்தரமாகக் குடியிருக்கவும் முடியாது. வாடகை வீடு கட்டுப்படியாகாமல் கேரவனுக்கு மாறிய சிலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பார்க் உரிமையாளர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. சாலை, கழிவுநீர், விளக்கு, வேலையாட்கள் எல்லாம் அவர்கள் செலவு. துருப்பிடித்த பழைய பெட்டிகள் நின்றால் புதிதாக யாரும் வர மாட்டார்கள். ஆனால் 2020-ல் ஊரடங்கில் கேட் பூட்டிக் கிடந்தபோதும் இடவாடகை பில் வந்தது. சில பார்க்குகள் தள்ளுபடி கொடுத்தன, சில கொடுக்கவில்லை. நிச்சயமற்ற காலத்துக்கு நிச்சயமான இடம் என்று விற்கப்பட்டது. நிச்சயம் யார் பக்கம் இருந்தது என்று அப்போது தெரிந்தது.

கடல் வேறு சும்மா இல்லை. 1953 ஜனவரி 31 இரவு வட கடல் பொங்கியதில் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1990 பிப்ரவரியில் வட வேல்ஸின் டோவின் பகுதியில் கடற்சுவர் உடைந்து ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். இரண்டுமே இன்று கேரவன் பார்க்குகள் நெருக்கமாக இருக்கும் கரைகள். லிங்கன்ஷயர் கடலோரத்தில் பல பார்க்குகளைக் குளிர்காலத்தில் மூடி வைப்பதற்கு வெள்ள அபாயமும் ஒரு காரணம். மூடியிருக்கும் மாதங்களுக்கும் சேர்த்துத்தான் ஆண்டு வாடகை.

கையெழுத்துப் போடுமுன்

ஷோரூம் கேரவனில் சோஃபாவும் பால்கனியும்தான் முதலில் கண்ணில் படும். கேட்க வேண்டியது வேறு: லைசென்ஸில் இன்னும் எத்தனை வருடம், போன ஐந்து வருடத்தில் இடவாடகை எவ்வளவு ஏறியது, விற்றால் கமிஷன் எவ்வளவு, பார்க் கை மாறினால் இதே ஒப்பந்தம் நீடிக்குமா, இந்த இடம் வெள்ள வரைபடத்தில் எந்த நிறத்தில் இருக்கிறது. பதில்கள் வாய்மொழியாக வந்தால் தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீரை வடித்துவிடுவது யார் பொறுப்பு என்பதையும் கேட்டுவிடலாம். வடிக்காமல் விட்டுத் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்தால், பல இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் அதற்குப் பணம் வராது.