பசி என்று எழுதுகிறோம். பட்டினி என்று ஏன் எழுதுவதில்லை?

குழந்தைப் பசியைப் பொருளாகக் கொண்டு இந்திய மொழிகளில் வெளிவரும் படக்கதை நூல்களில் நான் படித்தவை பெரும்பாலும் ஒரே கதையையே சொல்கின்றன. ஒரு குழந்தைக்குப் பசிக்கிறது. இன்னொரு குழந்தை தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாதியை நீட்டுகிறது. கடைசிப் பக்கத்தில் இருவரும் சிரிக்கிறார்கள். கொடுத்த குழந்தைக்குப் பெயர் உண்டு, வீடு உண்டு, பேச்சு உண்டு. வாங்கிய குழந்தைக்குக் கண்கள் மட்டுமே உண்டு. அவையும் அளவுக்கு மீறிப் பெரியவை.

அண்மையில் ஒரு பயிலரங்கில் என் வரைவைப் படித்த பதிப்பாசிரியர், "முடிவில் சாப்பாடு வந்துவிட வேண்டும், குழந்தைகளின் மனம் நோகக் கூடாது" என்றார். எந்தக் குழந்தைகளின் மனம் என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். தேநீர் இடைவேளை வந்துவிட்டது.

அந்தக் கேள்வியை இங்கே மீண்டும் கேட்கிறேன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள்; 19.3 விழுக்காட்டினர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். பள்ளி மதிய உணவுத் திட்டத்துக்கு 2021இல் புதுப்பெயர் சூட்டியபோது அரசு சொன்ன பயனாளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 11.8 கோடி. நம் படக்கதைகள் சென்றுசேரும் அரசுப் பள்ளி நூலகங்களில் தரையில் அமர்ந்து படிப்பவர்கள் இவர்கள். பசியைப் பற்றி இவர்களுக்கு அறிமுகம் செய்துவைக்க நாம் யார்?

என் துறை மொழியியல் என்பதால் ஒரு சிறு இலக்கணக் குறிப்பு. 'எனக்குப் பசிக்கிறது' என்னும் தொடரில் பசியை உணர்பவர் நான்காம் வேற்றுமை ஏற்கிறார். இந்தியின் 'முஜே பூக் லகீ ஹை'யும் அவ்வாறே. திராவிட மொழிகளும் இந்தோ-ஆரிய மொழிகளும் பகிர்ந்துகொள்ளும் பண்பு இது. இவ்வமைப்பில் பசி வரும், எடுக்கும், அடங்கும். அனுப்பியவர் எவரும் இல்லை. பட்டினியின் இலக்கணம் வேறு. ஒருவர் பட்டினி கிடக்கலாம்; ஒருவரைப் பட்டினி போடவும் செய்யலாம். 'போடு' என்னும் வினை வந்த நொடியிலேயே எழுவாய் ஒன்று தேவைப்படுகிறது. போட்டது யார்? நம் படக்கதைகள் பசியோடு நின்றுவிடுவதற்குக் காரணம் அந்த எழுவாயின் மீதுள்ள அச்சமே என்பது என் வாதம்.

2001 நவம்பர் 28இல் உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணை, அரசு தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவை ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள் வழங்கச் சொன்னது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை உரிமையாக்கியது, 'பள்ளி விடுமுறை நாள்கள் நீங்கலாக' என்னும் விலக்கோடு. 365இல் 200 போனால் மிச்சம் 165. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் இறந்த பதினொரு வயதுச் சிறுமியின் கதை அந்த மிச்ச நாள்களில் நிகழ்ந்தது. துர்கா பூஜைக்காகப் பள்ளி மூடியிருந்தது. ஆதாரோடு இணைக்காததால் குடும்ப அட்டை நீக்கப்பட்டது என்றும், மகள் சோறு கேட்டபடியே இறந்தாள் என்றும் தாய் சொன்னார். காரணம் மலேரியா என்றது அரசுத் தரப்பு.

இச்சாவை ஐந்து வயதுக் குழந்தையின் மடியில் படமாக வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவில் அந்தப் பதிப்பாசிரியரோடு உடன்படுகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமையை வரையலாமே. நியாயவிலைக் கடையில் பாட்டியின் தேய்ந்த விரலை இயந்திரம் மூன்று முறை மறுப்பதை வரையலாம். அதில் அச்சமூட்ட என்ன இருக்கிறது? பாட்டியோடு வரிசையில் நின்ற குழந்தை அதைப் பார்த்திருக்கிறது. பார்த்ததைப் புத்தகத்தில் காண்பது அதற்கு அதிர்ச்சியன்று.

ஓவியத்திலும் இதே சிக்கல். விலா எலும்பு துருத்திய உடலை வரைந்தால் பசி வந்துவிடும் என்று நினைக்கிறோம். வளர்ச்சி குன்றிய எட்டு வயதுச் சிறுமி படத்தில் ஆறு வயதுச் சிறுமியாக மட்டுமே தெரிவாள், அழகாகக்கூட இருப்பாள். வகுப்பு வரிசையில் சக மாணவிகளோடு நிறுத்தினால்தான் வேறுபாடு புலப்படும். தனியாக நிறுத்திப் பரிதாபத்துக்குரிய முகமாக்குவது நாம் விரும்பிச் செய்யும் பிழை.

சாதியைச் சொல்லவே வேண்டாம். 2021 டிசம்பரில் உத்தராகண்டின் சம்பாவத் மாவட்டத்தில், தலித் பெண் சமைத்த மதிய உணவை ஆதிக்கச் சாதி மாணவர்கள் உண்ண மறுத்தார்கள். அவர்களும் குழந்தைகள்தாம். பகிர்ந்துண்ணும் டப்பாக் கதைகளை எழுதுவோர் அந்தத் தட்டை ஏன் ஒருமுறைகூட வரைவதில்லை?

பயிலரங்கு முடிந்த வாரமே வரைவைத் திருத்தினேன். கொடுக்கும் குழந்தை இப்போதும் இல்லை. சனிக்கிழமை மணி அடிக்கிறது. தங்கை ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நீளம் என்று அக்காவிடம் கேட்கிறாள். பாட்டி விரலை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புகிறாள். மொத்தம் 24 பக்கங்கள். அதே பதிப்பாசிரியருக்கு மீண்டும் அனுப்பியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் இன்னும் சாப்பாடு வரவில்லை.